வாசலில் நின்ற கிடா

மலைமேல் கம்பளிக் கடை வைத்திருந்த ஜெசிந்தா ஒரு பட்டி செம்மறியும் வளர்த்தாள். நூல் நூற்பது, சாயம் தோய்ப்பது, ஸ்வெட்டர் பின்னுவது எல்லாம் அவளேதான்.

அந்தப் பட்டியில் ஜமீன் என்றொரு கிடா. கடை வாசலில் நின்று போட்டோவுக்கு முகம் காட்டுவதைத் தவிர அவன் வேறு வேலை பார்த்ததில்லை. வருகிறவர்களெல்லாம் கட்டிப்பிடித்துப் படம் எடுத்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஸ்வெட்டரெல்லாம் என்னால்தான் விற்கிறது" என்று சாயங்காலம் பட்டிக்கு வந்து அளப்பான்.

புள்ளி என்ற பெட்டையாட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷம் தவறாமல் ரோமத்தைக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்குகிறவள் அவள்.

"உன் ரோமத்தில் ஒரு கையுறையாவது பின்னியிருக்கிறார்களா?" என்று கேட்டாள்.

"வெட்டினால் என் அழகு என்னாவது?" என்றான். கத்தரிக்கோலைக் கண்டாலே நொண்டுவதுபோல் நடித்து இரண்டு வருஷம் தப்பித்திருந்தான்.

மூன்றாம் வருஷம் வெயில் தாங்காமல் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஜெசிந்தா பிடித்துக் கட்டிக் கத்தரித்தாள். ரோமம் சடைபிடித்துப் பாய் மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. சீப்பு இறங்கவில்லை, நூற்க வழியில்லை. உதறிப் பார்த்துவிட்டுக் கடை வாசலில் விரித்துப் போட்டாள்.

மறுநாள் தோல் தெரிய நின்றவனை யாரும் படம் எடுக்கவில்லை. பட்டி மூலையில் போய் ஒடுங்கினான்.

புள்ளி வேலி வழியாகக் கடையைப் பார்த்தாள்.

"கவலைப்படாதே ஜமீன். உன் இடம் அப்படியேதான் இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் உன்மேல் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்."