ஈரம் குடித்த புகையிலை

டப்பாவில் கிடந்த, பைப்பில் அடைத்துப் புகைக்கும் புகையிலை, தொட்டால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. ஈரப்பதம் ஏறட்டும் என்று வீட்டுக்காரர் ஒரு ஆப்பிள் துண்டை உள்ளே போட்டு மூடினார்.

“அக்கா, கொஞ்சம் ஈரம் கொடேன்!” என்று கெஞ்சியது புகையிலை.

“எடுத்துக்கோ. ஆனா அளவோட குடிடி,” என்றது ஆப்பிள்.

அளவாவது ஒன்றாவது! புகையிலை மூச்சுவிடாமல் உறிஞ்சியது. உடம்பு மெத்தென்று ஆனதும் கிறுகிறுத்துப் பாட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் வீட்டுக்காரர் அதைப் பைப்பில் அடைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். புகையிலையைத் தொட்டதும் குச்சி உஸ்ஸென்று அணைந்தது.

“பாவி! நான் எரியறதே ஒரே தடவைதான். அதையும் கெடுத்துட்டியே!” என்று அலறியது குச்சி.

“எனக்கும் ஒரே தடவைதான் அண்ணே!” என்று விழுந்து விழுந்து சிரித்தது புகையிலை.

தீப்பெட்டியே காலியானதும் வீட்டுக்காரர் எரிச்சலோடு ஜன்னலுக்கு வெளியே பைப்பைத் தட்டினார். வெளியே நல்ல மழை. “அடேயப்பா, எவ்வளவு ஈரம்!” என்று கூவிக்கொண்டே புகையிலை சாக்கடையோடு போனது.