பெயர் இல்லாத தேதி

"கேக்கை யாரு முதல்ல எடுத்து வச்சது?"

ஹார்யு அம்மா கேட்ட தொனியில், சங்கத்துச் சமையலறையில் இருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் வெளியே நழுவிவிட்டார்கள். மாட்டிக்கொண்டவள் கைசு.

"நான்தான். இந்த வெயில்ல க்ரீம் உருகிடுமேன்னு..."

"உருகட்டும். முதல்ல ஏலக்காய் பன். அப்புறம் பிஸ்கட். கேக் கடைசி. காபி மேசைக்குன்னு ஒரு வரிசை இருக்கு."

"நான் அம்பத்தெட்டு வருஷம் தம்பரேல இருந்துட்டு வந்தவ அம்மா. அங்கேயே இப்ப யாரும் இதெல்லாம் பார்க்கறதில்லை."

"தம்பரே கெட்டுப்போச்சுன்னா பிரிஸ்பேனும் கெட்டுப்போகணுமா?"

மகன் வீட்டோடு இருக்கலாம் என்று பின்லாந்தின் தம்பரே நகரை விட்டு கைசு ஆஸ்திரேலியா வந்து மூன்று மாதம் ஆகிறது. பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர எதுவும் வராது. சொந்த மொழியில் வாய் திறக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் இந்தப் பின்லாந்து நட்புச் சங்கம்தான். ஞாயிறுதோறும் ஒரு சொற்பொழிவு, பிறகு காபி. அங்கேயும் வாராவாரம் இந்தக் கிழவியிடம் திட்டு. போன வாரம் கோப்பையின் காது தப்பான பக்கம் திரும்பியிருந்ததாம். அதற்கு முந்தின வாரம், விருந்தாளி உபசாரத்துக்கு மூன்று தரம் "வேண்டாம்" சொல்லி முடிப்பதற்குள் காபியை ஊற்றிவிட்டாளாம்.

ஹார்யு அம்மா பேச்சில் பின்லாந்தின் கவ்ஹவா பக்கத்து இழுவை இருக்கும். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் திமிர் கொஞ்சம் கூடுதல்தான் என்று கைசு மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

கூடத்தில் பழைய மரத் தேவாலயங்களைப் பற்றிய சொற்பொழிவு முடிந்தது. ஹார்யு அம்மா பன் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். "கேள்வி ஏதாவது உண்டா?" என்றார் பேச்சாளர். நாற்பது பேரும் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. பின்லாந்துக்காரர்கள் சும்மா இருந்தால் பேச்சு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துத்தான், காபிக் கெண்டியை எடுக்க வந்த சங்கத் தலைவர் ஆர்வோவிடம் கைசு வெடித்தாள்.

"இந்தம்மா தொலைஞ்சாத்தான் இந்தச் சங்கம் உருப்படும்!"

கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது. ஹார்யு அம்மா தட்டை மேசையில் வைத்தார். ஏப்ரனை அவிழ்த்தார். மடித்து நாற்காலி மேல் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. காபி மேசையில் கேக்கும் பன்னும் கண்டபடி கிடந்தன. கைசுவை ஒருவரும் குறை சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"முப்பத்தெட்டு வருஷமா ஒரு ஞாயிறு தவறினதில்லை," என்றார் ஆர்வோ. "நீ வந்த முதல் வாரமே உன் பெயர்நாள். யாரும் சொல்லாமலே உனக்குன்னு தனியா பன் சுட்டது யாரு?"

கைசு தலையைக் குனிந்துகொண்டாள். பின்லாந்து காலண்டரில் தேதிக்குத் தேதி பெயர்கள் அச்சிட்டிருக்கும். தன் பெயர் வருகிற நாளில் காபி விருந்து உண்டு. சங்கத்தில் எல்லோருடைய நாளும் ஹார்யு அம்மாவுக்கு மனப்பாடம்.

"அவங்க பெயர்நாள் எப்போ? பன்னோட போய் மன்னிப்புக் கேட்கறேன். கையோட கூட்டிட்டும் வந்துடறேன்."

"அவங்க பேரு காலண்டர்லயே கிடையாதும்மா. இத்தனை வருஷத்துல அவங்களுக்குன்னு யாரும் காபி ஊத்தினதே இல்லை."

ஏதோ வழக்கொழிந்த பழங்காலத்துப் பெயராக்கும் என்று கைசு நினைத்தாள். வீட்டுக்கு வந்து காலண்டரைத் தாள் தாளாகப் புரட்டினாள்.

வியாழக்கிழமை காலை, ஃபிளாஸ்க்கும் பன்னுமாக ஹார்யு அம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பெயர்நாள் வாழ்த்துகள்!"

"எனக்கு ஏது பெயர்நாள்?" கதவு பாதிதான் திறந்தது.

"இன்னிக்கு பிப்ரவரி இருபத்தொன்பது. இந்தத் தேதிக்கு யார் பேரும் போடலை, காலியாக் கிடக்கு. இனிமே இது உங்களோடது. நாலு வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும், நிறையக் குடிச்சுக்கோங்க."

கதவு முழுசாகத் திறந்தது.

கைசு கோப்பையை வைத்தாள், காதைச் சரியான பக்கம் திருப்பினாள், முதலில் பன்னை நகர்த்தினாள். ஹார்யு அம்மா மூன்று தரம் "வேண்டாம்" என்றார். மூன்றாவது தரம் முடிந்ததும்தான் ஊற்றினாள். கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும் வந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க. நீங்க இல்லாம அங்கே ஒண்ணும் நல்லா இல்லை. ஞாயித்துக்கிழமை வாங்க." கைசு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு கேட்கறேன். உங்க கவ்ஹவாவுல எல்லாருமே இவ்வளவு கறாரா?"

"கவ்ஹவா, செத்துப்போன என் வீட்டுக்காரர் ஊரும்மா. பேச்சு அவர்கிட்ட கத்துக்கிட்டது, நான் பின்லாந்தைக் கண்ணால பார்த்ததில்லை. இங்கேயே வடக்கே, இன்னிஸ்ஃபைல் கரும்புக் காட்டுல பொறந்த இத்தாலிக்காரி நான், பேரு கொன்செத்தா," என்றார் ஹார்யு அம்மா. "கேக்கை முதல்ல வச்சாலும் நீ பின்லாந்துக்காரிதான், நான் வச்சா 'இவ யாரு நம்ம கூட'ன்னு கேட்டுடுவாங்களோன்னு, முப்பத்தெட்டு வருஷமா பயந்துகிட்டேதான் காபி ஊத்தறேன்."