பொருத்தனைப் பிள்ளை

"ஒருநாள் நான் எல்லாத்தையும் விட்டுட்டு ஊழியத்துக்குப் போயிருவேன். அப்ப நீ அழக்கூடாது."

"அழமாட்டேன். ஆனா என்னைக்குன்னு முன்னாடியே சொல்லிருங்க. ரெண்டு பேருக்கு மாவு ஆட்டி வச்சிட்டு நான் ஏமாறக் கூடாது பாருங்க."

பெண் பார்க்கப் போன அன்று, திருநகர் வீட்டு மொட்டைமாடியில் ரோகிணி சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஓடிவிட்டது. அந்த நாள் இப்போது வாசலில் வந்து நிற்கிறது.

சோழவந்தானில் தன் பட்டறையில் உட்கார்ந்து, கடைசி மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தான் சாமுவேல். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. மனசுதான் ஓரிடத்தில் தங்காமல் அலைந்தது. நாளை ஞாயிறு ஆராதனையில் அவனை முன்னால் நிறுத்திச் சபையார் அனுப்பு ஜெபம் செய்வார்கள். மறுநாள் வேதாகமக் கல்லூரி விடுதி. படித்து முடித்தால், பிறகு எந்த ஊரோ, எந்தக் காடோ.

"ஏன் மாப்ள, நீ போயிட்டா என் கொடிக்கால் என்னாகும்? வெத்தலை காஞ்சா உங்க சாமி வந்து தண்ணி பாய்ச்சுமா?" மோட்டாருக்காகக் காத்திருந்த தங்கப்பாண்டி கேட்டார்.

"பரவையில ஒரு ஆள் இருக்காருண்ணே. நம்பர் தாரேன்."

"அவன் இன்னைக்கு நாளைக்குன்னு இழுப்பான். நீ கூப்பிட்ட குரலுக்கு ஓடியாருவே. சரி, உனக்கா ஆசைப்பட்டுப் போறியா, இல்ல யாரும் புடிச்சுத் தள்ளுறாகளா?"

சாமுவேல் கம்பியை இழுத்து முறுக்கினான். "அது பொருத்தனைண்ணே. நீங்க நேந்து விடுவீகல்ல, அந்த மாதிரி."

"நேந்து விட்ட கெடாகூட ஊரைச் சுத்தி ஜாலியா மேயும். நீ என்னடான்னா மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கே!"

சாமுவேல் சிரித்தான். மறுபடி மோட்டார் பக்கம் குனிந்துகொண்டான்.

ரொம்ப வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த அம்மா சுந்தரபாய் செய்த பொருத்தனை அது. அவன் ஞானஸ்நானத்தன்று அப்பா அவனைச் சபைக்கு முன்னால் தூக்கிக் காட்டி, "வேதத்துல அன்னாள் தன் பிள்ளை சாமுவேலைக் கொடுத்த மாதிரி, இவனைக் கர்த்தருக்குக் கொடுத்தாச்சு" என்றாராம். பெயர் வந்ததும் அப்படித்தான். அன்றிலிருந்து பரீட்சையில் ஃபெயிலானாலும், பசங்களோடு சினிமாவுக்குப் போனாலும், "பொருத்தனைப் பிள்ளை இப்படிப் பண்ணலாமா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை.

ஊழியத்துக்கு வா என்று ஆண்டவரிடமிருந்து அழைப்பு வரும் என்று அவனும் காத்திருந்தான். முழங்காலில் நின்றான். உபவாசம் இருந்தான். காதில் விழுந்ததெல்லாம், "மோட்டார் ஓடலப்பா, கொஞ்சம் வாரியா?" என்ற குரல்தான். போன வருஷம் அப்பா காலமானார். இனியும் தள்ளிப்போட்டால் ஆண்டவரை ஏமாற்றியதாகிவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. விண்ணப்பித்தான். இடமும் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது, திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால் ரோகிணி உட்கார்ந்திருந்தாள். ஒரே சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். வாக்குக் கொடுத்தபடி அழவில்லை. அதுதான் அவனுக்கு என்னவோ செய்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க" என்றாள். "ஆண்டவர் உங்களைக் கூப்பிட்டாரா?"

சாமுவேல் கட்டிலில் உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தான்.

"இல்ல ரோகிணி. இம்புட்டு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல. காயில் கட்டி முடிச்சு, தண்ணி குபுகுபுன்னு கொட்டுறப்ப மட்டும் அவரு என் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா அம்மா கொடுத்த வாக்கு இருக்கே! அதை யாரு நிறைவேத்துறது?"

"நீ இல்ல."

இருவரும் திரும்பினார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு சுந்தரபாய் நின்றிருந்தாள். எதிர்வீட்டுப் பாட்டையாவின் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருக்க வேண்டும். கையில் டெட்டால் வாசம். நர்ஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றும் அவளுக்கு ஓய்வில்லை.

"நாளைக்குச் சபையில நீ முன்னால போய் நிக்க வேண்டாம்ப்பா."

"என்னம்மா பேசுற? பொருத்தனை பண்ணினதே நீதான?"

"நான்தான். அதை நிறைவேத்தணும், அதுல மாத்தமில்ல." அம்மா கதவிலிருந்து கையை எடுத்தாள். "ஆனா நான் ஆண்டவர்கிட்ட சொன்னது வேற, உங்கப்பா சபையில சொன்னது வேற. அவருக்குப் பயம். அதான் முந்திக்கிட்டு உன்னைத் தூக்கிக் காட்டிட்டாரு. அவரு இருந்தவரைக்கும் அவரை நாலு பேர் முன்னால பொய்யராக்க எனக்கு மனசு வரல. நீயும் ஆசைப்பட்டுத்தான் கிளம்புறேன்னு நெனச்சேன். இப்ப நீ சொன்னதைக் கேட்டப்புறம் என்னால பேசாம இருக்க முடியாது."

"அப்பாவுக்கு என்னம்மா பயம்?"

சுந்தரபாய் மெதுவாக வந்து, ரோகிணி மடித்து வைத்திருந்த சட்டைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

"கைப்பிள்ளையோட நான் மலைக்காட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருவேனோன்னுதான். ஒரு பிள்ளையக் கொடுங்க, என்னையே உங்க ஊழியத்துக்குத் தந்துர்றேன்னுதான் ஆண்டவர்கிட்ட சொன்னேன் சாமு. அங்க இப்பவும் நர்ஸ் இல்லாமக் கெடக்குது. என் கை இன்னும் நடுங்கல... என்னை அனுப்பி வைக்கிறியாப்பா?"