பத்தாவது ஓவர்

சாயங்காலம் சரக்கு ஏற்ற லாரி வந்துவிடும். வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் தங்கதுரைக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த நேரம் பார்த்து டெய்லர் விஜயகுமாரி எழுந்து வந்தாள்.

“ஏனுங்க, பத்தாவது ஓவர் முடியப் போகுது. கேன்டீன் டிவியில ரெண்டு நிமிசம் மேட்ச் பாத்துட்டு வந்தர்றனுங்க.”

“அண்டர் நைன்டீன் பொண்ணுக பைனல்தானே? ரெண்டு நிமிசத்துல என்னத்தக்கா பாப்பீங்க?”

சந்தேகத்தோடு அவனும் பின்னாலேயே போனான். இந்தியா சிக்சர் அடித்தது, விஜயகுமாரி அசையவில்லை. ஓவர் முடிந்து தண்ணீர் இடைவேளை விட்டதும் உள்ளங்கை சிவக்கக் கை தட்டினாள்.

தங்கதுரை சிரித்துவிட்டான். “ஆட்டம் நின்னதுக்கா கை தட்டறீங்க, அக்கா?”

“தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடறாளுங்களே, அவ எம்புள்ள மோனிஷாங்க. ஆடறதுக்கு இன்னும் எடங் கெடைக்கல.”

“தண்ணி தூக்கறதுக்கா இத்தன சந்தோசம்?”

“நாம ரெண்டு பேரும் துணி எடுத்துக் குடுக்கற ஹெல்பரா வந்துதானுங்களே மிஷின்ல உக்காந்தோம்?”

தங்கதுரை தையல் செக்‌ஷனுக்கு ஓடினான்.

“லாரி நிக்கட்டும், மிஷினெல்லாம் ஆஃப் பண்ணுங்க! நம்மூட்டுப் புள்ள இந்தியா சட்டை போட்டுட்டு நிக்குது, ஓடியாங்க!”