பிளக்கைப் பிடுங்கின ஆள்

"எழுதும்மா. 'தினமும் என் வண்டி பிளக்கைப் பிடுங்குற அந்தப் படுபாவியை உடனே வேலையை விட்டுத் தூக்கணும்.' எழுதிட்டியா?"

"படுபாவின்னே எழுதட்டுமா அண்ணே? மேனேஜர் படிக்கிறது."

"சரி, பாவின்னு மட்டும் போடு. மேனேஜருக்காக விட்டுத் தர்றேன்."

எழுதினாள். எனக்கும் எழுதத் தெரியும். ஆனால் நான் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் மேனேஜர் ரிட்டயர் ஆகிவிடுவார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வார்டு வரைக்கும் நோயாளிகளை ஏற்றிப் போகிற பாட்டரி வண்டி ரெண்டு. ஒன்று நான் ஓட்டுவது, இன்னொன்று அவள் ஓட்டுவது. சாயங்காலம் ஷெட்டில் வண்டியை விட்டு, சார்ஜர் பிளக்கைச் சொருகிவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் வந்தால் பிளக் தரையில் கிடக்கும். சார்ஜ் முழுசாக ஏறியிருக்காது.

சின்ன விஷயமா இது? பாட்டரி தளர்ந்தால் இனிமேல் மாற்ற மாட்டோம் என்று உத்தரவே போட்டுவிட்டார்கள். பாட்டரி போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் டிரைவர் வீட்டுக்கு. இந்த வயசில் என்னை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? லீவு நாளில் வீட்டில் இருந்தாலே, "எங்கேயாவது போய்ட்டு வாங்களேன்" என்கிறாள் என் பெண்டாட்டி.

"யார் மேல அண்ணே சந்தேகம்?"

"சந்தேகம் என்ன? வாட்ச்மேன்தான். அவன் போனுக்குச் சார்ஜ் போட என் பிளக்கைப் பிடுங்குறான். வாட்ச்மேன்னு தெளிவா, பெரிய எழுத்துல எழுது."

பேனா நின்றது.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? அந்த மீசையே சொல்லுதே!"

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "அண்ணே, முட்ட முட்ட ஏறாம இருந்தா பாட்டரிக்கு நல்லதுதானே? வண்டிக் கம்பெனிக்காரர் வகுப்பு எடுத்தப்ப சொன்னாரே, ஞாபகமில்லையா?"

அந்த வகுப்புக்கு நானும் போயிருந்தேன். கடைசி பெஞ்சு. நான் குறட்டை விட்டதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன்.

"உள்ளே ரெண்டு பக்கம் இருக்காம் அண்ணே. சார்ஜ் ஏறும்போது லித்தியம் எல்லாம் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, அந்தப் பக்கத்து அடுக்குல ஒவ்வொண்ணாப் போய் உட்காருமாம். வண்டி ஓடும்போது திரும்பி வருமாம். போறதும் வர்றதும்தான் அதுக்கு வேலை. எண்பது சதவீதத்தோட நிறுத்தினா நிம்மதியாப் போய்ட்டு வரும். தினமும் நூறுக்குத் திணிச்சா சிலது அங்கேயே மாட்டிக்கும். மாட்டினது திரும்பாது. பாட்டரிக்குச் சீக்கிரம் வயசாயிடும்."

"ஏன், அது என்ன பஸ்ஸா? உட்கார சீட்டு இல்லேன்னு சொல்றதுக்கு?" சிரித்தேன். "அம்மா, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே பாட்டரிக்குத் தண்ணி ஊத்தினவன் நான். எனக்கே பாடமா? மொதல்ல கடுதாசியை முடி."

முடித்தாள். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாகவே எழுதின மாதிரி இருந்தது.

"இன்னும் என்ன எழுதுறே?"

"முடிவுல மரியாதையா நாலு வரி போடணும்ல அண்ணே."

மடமடவென்று படித்துக் காட்டினாள். நான் சொன்னபடியே இருந்தது. கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். விஷயத்தின் கனம் தெரியட்டும் என்று அதன் கீழே ரெண்டு கோடு இழுத்தேன்.

"நீ வீட்டுக்குக் கிளம்பலையா?"

"கொஞ்சம் வேலை இருக்கு அண்ணே."

தினமும் இதே பதில்தான். வீட்டில் பாத்திரம் தேய்க்கப் பயந்துகொண்டு ஷெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று வார்டு வார்டாகச் சொல்லிச் சிரித்தவன் நான்.

மூன்று மாசம் போனது. பிளக் கீழே கிடப்பது மட்டும் நிற்கவில்லை. பாட்டரியைச் சோதிக்க மிஷினோடு ஒருத்தர் வந்தார். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"பெரியவரே, உங்க பாட்டரி புதுசு மாதிரி இருக்காம். இன்னும் நாலு வருஷத்துக்கு உங்களை யாரும் அசைக்க முடியாது. எப்படிப் பார்த்துக்கிறீங்க?"

"அனுபவம் சார்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் என்றைக்கு நின்றிருக்கிறது?

"அதுவும் அந்த வாட்ச்மேன் தினமும் பிடுங்குற பிடுங்கலையும் மீறி! கடுதாசி கொடுத்து மூணு மாசமாச்சு சார். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மேனேஜரும் மிஷின்காரரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"விட்டுடுங்க பெரியவரே."

"எப்படி சார் விடுறது? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

மேனேஜர் பெருமூச்சு விட்டார். டிராயரைத் திறந்து கடுதாசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கடைசி நாலு வரியை நீங்களே படிங்க. என்னைப் படிக்கச் சொல்லாதீங்க, சிரிச்சிடுவேன்."

எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'ஐயா, வாட்ச்மேன் மேல் தப்பு இல்லை. பிடுங்குவது இதை எழுதுகிற நான்தான். அண்ணன் பாட்டரி சீக்கிரம் போனால் அவர் வேலையும் போய்விடும், அதனால் எண்பது ஏறும் வரைக்கும் தினமும் இருந்து கழற்றிவிட்டுப் போகிறேன். தயவுசெய்து அவரிடம் சொல்ல வேண்டாம். பாட்டரி விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், மனசு கஷ்டப்படுவார்.'

அதற்குக் கீழே என் கையெழுத்து. ரெண்டு கோட்டோடு.