பார்த்திபன் மரம்

ஆராய்ச்சிக் கூடம் கட்ட, ஆம்பூரில் மூடிக் கிடந்த தன் ஷூ கம்பெனி இடத்தையே தானமாகக் கொடுத்த தணிகைவேல், ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அங்கே நிற்கிற புங்க மரத்தைத் தொடக் கூடாது.

"என் பார்ட்னர் பார்த்திபன் ஞாபகமா நட்டதும்மா. எங்க கம்பெனியோட முதல் ஜோடி ஷூவை மாட்டிக்கினு துபாய்க்குக் கிளம்பினான். போனவன் போனவன்தான். முப்பது வருஷமா நானேதான் தண்ணி ஊத்தறேன்."

ஆர்க்கிடெக்ட் கவிப்ரியா நெகிழ்ந்துவிட்டாள். ஏசியே வேண்டாம், இந்த நிழலே போதும் என்று மரத்தைச் சுற்றியே கட்டிடத்தை வரைந்தாள். அவருக்குச் சொல்லாமல் இன்னொன்றும் சேர்த்தாள்.

மரத்தடியில் ஜேசிபி தோண்டுவதைப் பார்த்துத் தணிகைவேல் பதறி ஓடி வந்தார்.

"இன்னாம்மா பண்றீங்க?"

"மரத்துக்கு ஒண்ணும் ஆகாது சார். தரைக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சுவர் வைக்கிறோம். வேர் வளர்றதை எல்லாரும் பார்க்கலாம். உங்களுக்காகத்தான்!"

ஜேசிபி சட்டென்று நின்றது.

"மேடம், வேர் ஒரு ஷூவைச் சுத்திப் பிடிச்சிருக்கு," என்றான் டிரைவர், கீழே குதித்து. "உள்ள கால் எலும்பு இருக்கு."

காற்றே இல்லை. ஆனாலும் மரம் சலசலத்தது. தணிகைவேல் அதை அண்ணாந்து பார்த்தார்.

"இத்தினி வருஷம் தண்ணி ஊத்தியும் உன் கோபம் அடங்கலியா, தோஸ்த்?"