கொரியாக்காரிக்கு ஒரு நிமிடம்

கொரியா தேசத்துக் கதாசிரியை ஹான் மீ சோல் காலமானதற்கு, 1941 ஐப்பசியில், பரமத்தி வேலூர் வாசகசாலையில் இரங்கல் கூட்டம் நடந்தது. சேதியைக் கொண்டுவந்தவன் நான். கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவனும் நான்தான்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க அக்கா சௌந்திரம் போயிப் பதினோரு நாள்தான் ஆச்சு. ஊட்டுல துக்கத்தை வெச்சுக்கிட்டு இதைய இன்னைக்கே நடத்தோணுங்களா?" என்று கேட்டார் வாசகசாலைச் செயலாளர் காளியண்ணன்.

இன்றைக்கேதான் என்றேன். அவளுக்காக ஊர் எழுந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அந்த வாசகசாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் உரக்கடை வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடும். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி முடித்துவிட்டு, கைகூடக் கழுவாமல் ஊர்ச் சனம் ஓடி வரும். எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு இருந்தது ஒரே பிரதி. அதை நான் சத்தமாகப் படிப்பேன். கொரியாக்காரியின் கதைக்குக் கீழே 'தமிழாக்கம்' என்று என் பெயர் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்தோடு நின்றுபோன என் இங்கிலீஷை ஊர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை, பாவம்.

அந்தக் கதைகளில் வெண்பனி, இலவம்பஞ்சு வெடித்துப் பறப்பது போல விழும். வெண்பனியே பார்க்காத எங்கள் ஊருக்கு அது சட்டென்று புரிந்தது.

ஒரு கதையில் கொரியாப் பெண் ஏணி வைத்து, அகத்தியில் படர்ந்த கொடியிலிருந்து வெற்றிலை கிள்ளினாள். அங்கே ஏது வெற்றிலை என்று யாரோ கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த என் அப்பா திரும்பி முறைத்தார்.

"ஆத்துத் தண்ணி இருந்தா எந்த ஊர்லயும் கொடி வரும். நீ கம்முனு கேளு."

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுத்தான். அந்தக் கொரியாப் பிள்ளையைப் பெற்றவன் கொடுத்து வைத்தவன் என்பார். களி போட்டுக்கொண்டிருக்கும் அக்கா அவர் தட்டில் இன்னொரு உருண்டை வைப்பாள். தாலியறுத்தவளுக்குப் புத்தகம் எதற்கு என்று அவள் கையில் இருந்ததைப் பிடுங்கி அடுப்பில் வைத்ததும் இதே அப்பாதான்.

கூட்டத்தில் கதாசிரியையின் வாழ்க்கையைப் படித்தேன்.

ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தாள். பதினான்கில் கல்யாணம். பதினாறில் புருஷன் போய்விட்டான். தம்பி பாடம் படிக்கையில் எதிரே உட்கார்ந்து, தலைகீழாகவே எழுத்துப் பழகினாள். பத்தொன்பது கதைகள், நாற்பது பாட்டுகள். தன் கதைக்கு ஊர் அழுததை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

இதெல்லாம் எந்தத் தேசத்திலும் நடப்பதுதானே. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். நூறு பேர் இருக்கும். கொடிக்கால் வேலைக்குப் போகும் ராமாத்தாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விசும்பினாள். அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அக்காவைத் தூக்கிப் போனபோது கூட வந்தவர்கள் ஆறு பேர். மேளம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் அழவில்லை.

என் சட்டைப் பையில் இருபதாவது கதை இருந்தது. பாதியில் நின்றுபோன கதை. அக்காவின் பென்சில் எழுத்து.

கொரியாவில் சொந்தப் பாஷையைப் பேசவிடாமல் அடக்குகிறார்களாம் என்று ஒருமுறை பேப்பரில் படித்துவிட்டு அவளிடம் சொன்னேன். "வாயைக் கட்டுன ஊரா? அப்ப நான் அந்த ஊருக்காரியாவே இருந்துக்கறேன்" என்றாள். அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. பெஞ்சுகளை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் போகாமல் நின்றார்.

"அவளைப் பெத்தவன் இருக்கறானா சாமி?"

"இருக்காருங்கப்பா."

"அவனுக்குச் சேதி சொல்லியாச்சா?"

என் கை சட்டைப் பைக்குப் போனது.

"இன்னும் இல்லீங்கப்பா."